அப்பா சரியாக்கிய பச்சை டப்பா

மக்களே, போன வாரம் கூரியரில் உங்களுக்கு ஒரு சின்னப் பெட்டி வந்தது. கிட்டாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டுகிற ஓவர்டிரைவ் பெடல். விலை குறைந்ததுதான், வீட்டில் வாசித்து ரெக்கார்டு செய்ய இது போதும் என்று இளையவள் எனக்கு விளக்கினாள். மூத்தவன் அதைக் காலால் ஒரு மிதி மிதித்துக் கம்பியைத் தட்டினான். நான் பாதிச் சாப்பாட்டில் தட்டோடு எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். "அப்பாவுக்கு இந்தச் சத்தம் பிடிக்காது" என்று நீங்கள் பேசிக்கொண்டது கேட்டது.

அப்படி இல்லை. அந்தச் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று உங்களுக்கு முன்பே தெரிந்தவன் நான். தெரிந்திருந்தும் ஒரு நாள் தெரியாதவன் மாதிரி ஒரு வார்த்தை சொன்னேன். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவனின் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கிறிஸ்துமஸ் மாதம். நான் ஐந்தாம் வகுப்பு. உங்கள் பெரியப்பாவுக்கு, அதாவது என் அண்ணனுக்கு, பத்தொன்பது வயது. பாறசாலையிலிருந்து காரோட்டுக்குப் போகிற வழியில்தான் அப்போதைய வீடு. அப்பாவுக்குப் பாறசாலையில் ரோட்டோரம் மோட்டார் வைண்டிங் கடை. கருகிப்போன கிணற்று மோட்டார்களைப் பிரித்து, எரிந்த செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். அவர் சட்டையில் எப்போதும் வார்னிஷ் வாசனை இருக்கும். குளித்துவிட்டு ஆராதனைக்கு வந்து நின்றாலும் இருக்கும்.

அப்பாவின் காதுக்கு ஊரில் பேர் உண்டு. ஓடுகிற மோட்டாரின் மேல் நீளமான திருப்புளியின் நுனியை வைப்பார். பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். "பேரிங் போச்சு" என்பார், அல்லது "இன்னும் ஆறு மாசம் ஓடும், கொண்டு போ" என்பார். அது தப்பியதில்லை. அவருக்கு உலகத்தில் இரண்டு சத்தம்தான். ஒன்று நல்ல சத்தம், இன்னொன்று கேடான சத்தம்.

அண்ணன் கிட்டார் கற்றது சர்ச்சில். பாடகர் குழுவில் முதலில் மரக் கிட்டார்தான் வாசித்தான். பிறகு ஒரு செங்கல் சூளையில் ஒன்றரை வருடம் கணக்கெழுதிய கூலியில் பழைய எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று வாங்கினான். சிவப்பு நிறம், ஓரத்தில் பெயிண்ட் உரிந்து உள்ளே பழுப்பு மரம் தெரியும். மைக் செட்காரர் வேண்டாமென்று போட்ட ஆம்ப்ளிபயரை ஒரு பலகைப் பெட்டியில் வைத்து ஸ்பீக்கர் மாட்டினான். கடைசியாகத்தான் அந்தப் பச்சை டப்பா வந்தது. திருவனந்தபுரத்துக் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த ஓவர்டிரைவ் பெடல். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி, மேலே இரண்டு திருகு, காலால் அமுக்க ஒரு பித்தளைப் பொத்தான். அமுக்கினால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். கிட்டாரின் குரல் அப்படியே மாறிவிடும்.

அம்மா சொன்னாள், "தகரத்தில ஆணி வச்சு உரசினா இதவிடக் கொள்ளாம்."

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள், "உங்க வீட்டுல மாவு மில்லு போட்டிருக்கியளா? எனக்குக் கொஞ்சம் அரி பொடிக்கணும்."

அண்ணன் சிரித்தான். என்னை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, பொத்தானை அமுக்காமல் ஒரு தடவையும் அமுக்கி ஒரு தடவையும் அதே வரியை வாசித்துக் காட்டினான்.

"எலே, ஒருத்தி அழுதுட்டே பாடினா தொண்டை கம்மும் இல்லியா? அப்பம் குரல் உடைஞ்சு வரும். உடைஞ்சாலும் அது கேடு இல்ல. உள்ள இருக்கியது நெறைஞ்சு வழியுது. இந்த டப்பா அதாக்கும் செய்யுது. வெளங்குதா?"

"வெளங்குது" என்றேன். எனக்கு உண்மையிலேயே விளங்கியது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நெய்யாற்றின்கரையில், திருவிழா மேடைகளில் சினிமாப் பாட்டுக் கச்சேரி நடத்துகிற ஒரு கானமேளக் குழு இருந்தது. அவர்களுடைய லீடு கிட்டார்காரர் கல்ஃபுக்குப் போய்விட்டார். உற்சவக் காலம் தொடங்கப்போகிறது, ஆள் வேண்டும். வாசித்து கேசட்டில் பிடித்துத் திங்கட்கிழமைக்குள் கொண்டுவா, வேறு இரண்டு பேரும் தருகிறார்கள் என்று மேனேஜர் அண்ணனிடம் சொல்லியனுப்பினார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இதைக் கேட்டார். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. "ஒன்ன எடுத்தான்னா போ. நான் தடுக்க மாட்டேன். எடுக்கல்லன்னா கிறிஸ்துமஸ் கழிஞ்சு கடையில வந்து இரு. பிறகு பாட்டு, கூத்துனு ஒண்ணும் பேசாண்டாம். சம்மதமா?"

"சம்மதம் அப்பா."

அவ்வளவுதான் பேச்சு. அண்ணனுடைய வாழ்க்கை அந்த ஒரு கேசட்டில் இருந்தது.

வீட்டில் ரெக்கார்டு செய்வது எங்களுக்குப் பெரிய பாடு. சித்தப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரை இரவல் வாங்கியிருந்தோம். ஸ்பீக்கரின் முன்னால் அதை வைத்தால் சத்தம் தாங்காமல் பிய்ந்தது, தள்ளி வைத்தால் கோழியும் லாரியும் விழுந்தன. கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தான். அம்மாவின் மர அலமாரியைத் திறந்து, அடித்தட்டில் ஆம்ப்ளிபயர் பெட்டியை வைத்து, மேல்தட்டில் டேப் ரெக்கார்டரை வைத்து, நடுவில் அம்மாவின் கல்யாணச் சேலையையும் இரண்டு போர்வையையும் திணித்துக் கதவைச் சாத்தினான். வயர் மட்டும் இடுக்கு வழியாக வெளியே வரும். நான் கதவை ஒரு சாண் திறந்து, கையை உள்ளே விட்டு, சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்க வேண்டும். பாச்சா உருண்டை வாசனையில் மூக்கு அரிக்கும். தும்மக் கூடாது.

இருந்தது ஒரே கேசட். ஒவ்வொரு தடவையும் பழையதன் மேல்தான் புதியது. ஒன்றில் ரயில் கூவிவிட்டது. ஒன்றில் மின்சாரம் போனது. ஒன்றில் நான் தும்மிவிட்டேன். அண்ணன் என்னை அடிக்கவில்லை. "போகட்டு மக்கா, சனிக்கிழமை சாயங்காலம் நல்லா ஒண்ணு பிடிப்போம்" என்றான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சிக்குச் சர்ச்சுக்குப் போயிருந்தான். அப்பா கடையிலிருந்து சீக்கிரம் வந்தார். கை கால் கழுவிவிட்டு நேராக அலமாரிப் பக்கம் வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவர் முகம் என் முகத்துக்கு நேராக வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"லே, அவன் திங்கக்கிழமை கொண்டு குடுக்கணும் இல்லியா?"

"ஆமா."

"அந்த டப்பாவில ஒரு சத்தம் கேக்குதே, சளி பிடிச்சது மாதிரி. நாலஞ்சு நாளா கேட்டுட்டு இருக்கேன். கொண்டு வந்தப்பமே அப்படியா, இல்ல இப்பம் கேடாச்சா?"

அப்பா அதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. எடு, வை, போ, வா என்பார். ஒரு பெரிய மனிதனிடம் கேட்பது மாதிரி அன்று கேட்டார். அவர் கேட்ட விதத்திலேயே அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று இருந்தது. அதைக் கொடுத்தேன்.

"இப்பமாக்கும் கேடாச்சு அப்பா."

"நெனச்சேன்" என்று அவர் எழுந்தார். "அவன்கிட்ட சொல்லாண்டாம். சரியாக்கி வச்சிட்டு சொல்லுவோம். சந்தோசப்படட்டு."

மறுநாள் அண்ணன் காலையிலேயே சர்ச் அலங்கார வேலைக்குப் போனான். அப்பா டப்பாவைத் துவர்த்துத் துண்டில் சுற்றி சைக்கிளின் முன்கூடையில் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். இரண்டு மோட்டார்காரர்கள் காத்து நின்றார்கள். "உச்சை கழிஞ்சு வாருங்கோ, இப்பம் வேற ஒரு சோலி உண்டு" என்று அவர்களை அனுப்பினார். காத்திருந்த வாடிக்கையாளரை அவர் திருப்பியனுப்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான்கு ஆணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். நான் டார்ச் பிடித்தேன். உள்ளே ஒரு சின்னப் பலகை, அதில் நிறம் நிறமாகச் சாமான்கள். அவர் மூக்கு அதில் முட்டுகிற மாதிரி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஒரு சத்தம் போட்டார்.

"பாத்தியாலே! இந்தா, இந்தா. ரெண்டு டயோடு. டயோடுனா ஒத்த வழி ரோடு மாதிரியாக்கும், கரண்ட் ஒரு பக்கமா மட்டும் போவும். இவன் ஒண்ண இப்படியும் ஒண்ண அப்படியும் போட்டு, ரெண்டையும் எர்த்தில கொண்டு சேத்து வச்சிருக்கான். வாற சத்தம் பாதி வழியில தரையில வழிஞ்சு போவுது. பிறகு எப்படி நேரா கேக்கும்? பிள்ளைய ஏமாத்தி வித்திருக்கான் சவத்துப் பய."

அரிசி மணியளவுள்ள இரண்டு கண்ணாடிக் குண்டுகள். அந்த உடைந்த குரலை உண்டாக்குவதே அவைதான், எதிரும் புதிருமாக அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிய இருபது வருடம் ஆயிற்று. அப்பாவுக்குக் கடைசி வரை தெரியவில்லை. அவர் படித்த மின்சாரத்தில் அது தப்பு. சூடான கம்பியால் ஈயத்தை இளக்கி இரண்டையும் எடுத்து ரோட்டில் எறிந்தார். மற்ற இணைப்புகளுக்கெல்லாம் தன் கையால் புதிதாக ஈயம் வைத்தார். துணியால் துடைத்து, ஆணிகளை முறுக்கினார். பச்சைப் பெயிண்டில் பட்டிருந்த ஒரு விரல் கறையை எச்சில் தொட்டுத் தேய்த்துப் போக்கினார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து என்னைக் கம்பியைத் தட்டச் சொன்னார். திருப்புளியின் நுனியைப் பலகைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார். கழுவி வைத்த கிண்ணம் மாதிரி சத்தம் வந்தது. கண்ணைத் திறக்காமலே அப்பா சிரித்தார்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அலமாரி அறையில் போட்டு உட்கார்ந்தார். அம்மாவும் கதவருகே வந்து நின்றாள். "வாசி, கேப்போம்" என்றார் அப்பா.

அண்ணன் வெட்கப்பட்டான். தன் பாட்டைக் கேட்க அப்பா நாற்காலி போட்டு உட்காருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. கிட்டாரை மாட்டி, பொத்தானைக் காலால் அமுக்கித் தட்டினான். சிவப்பு விளக்கு எரிந்தது. குரல் மாறவில்லை. மறுபடியும் அமுக்கினான். திருகை முழுவதும் திருப்பினான். சத்தம் கூடியது, அவ்வளவுதான்.

"இப்பம் எப்படி? சளி போச்சா?" என்றார் அப்பா. "நானாக்கும் சரியாக்கினேன். உள்ள ரெண்டு டயோடு தலகீழா கெடந்து. எடுத்துக் களஞ்சேன். இவன்கிட்ட கேட்டேன், கேடாச்சுனு சொன்னான். அதான் காலையிலேயே எடுத்தேன்."

அண்ணன் என்னைப் பார்த்தான். ஒரு பார்வைதான். அதில் கோபம் இருந்திருந்தால் நான் இவ்வளவு வருடம் சுமந்திருக்க மாட்டேன். இவனுக்கு நான் விளக்கிச் சொன்னேனே, ஏன் என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

பிறகு அப்பாவைப் பார்த்தான். அப்பா முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, சர்ட்டிபிகேட் வாங்க நிற்கும் பிள்ளை மாதிரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நல்லாருக்கு அப்பா" என்றான் அண்ணன்.

"இப்பமாக்கும் காது கொண்டு கேக்க முடியுது" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனேன். பூட்டிக் கிடந்த கடைக்கு முன்னால், ரோட்டு ஓரத்தில், வெள்ளைச் சட்டையோடு குனிந்து நடந்துகொண்டிருந்தான். பக்கத்தில் லாரிகள் காற்றடித்துப் போயின. செம்புத் துண்டு, பீடிக் கட்டை, சோடா மூடி என்று காலால் விலக்கி விலக்கிப் பார்த்தான். நானும் எதிர்ப்பக்கத்திலிருந்து குனிந்து தேடினேன். ரேடியோக் கடை எல்லாம் ஞாயிறு விடுமுறை, திறந்திருந்தாலும் அந்த டயோடின் நம்பர் என்ன என்று அவனுக்குத் தெரியாது.

அப்பா சைக்கிளில் வந்து நின்றார். "என்னத்தத் தேடுத?"

"கம்பி தட்டுற வில்லை ஒண்ணு விழுந்துட்டு அப்பா."

"அது ஒரு பிளாஸ்டிக்குத் துண்டு இல்லியா? நான் ஒரு ஷீட்டில வெட்டித் தாறேன், வா." மத்தியானத்துக்குள் ஐந்து வில்லை வெட்டி, விளிம்பை உரசி வழுவழுப்பாக்கிக் கொடுத்தார்.

அந்த வில்லையால்தான் அண்ணன் அன்று வாசித்தான். ரயில் வரவில்லை, மின்சாரம் போகவில்லை, நான் தும்மவில்லை. ஒரே தடவையில் கேசட் முடிந்தது.

திங்கட்கிழமை அவனோடு நானும் நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். பரீட்சை முடிந்து பள்ளி விடுமுறை. மேனேஜர் கேசட்டைப் போட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பாதியில் நிறுத்தினார்.

"கையொக்கெ கொள்ளாம் மோனே. பக்ஷே தீ இல்ல. ஓவர்டிரைவ் ஒண்ணும் இல்லே?"

கை நன்றாக இருக்கிறது, தீ இல்லை, உன்னிடம் பெடல் இல்லையா என்று கேட்கிறார். இருந்தது என்று சொன்னால் போதும். கேடாகிவிட்டது, ஒரு வாரம் தாருங்கள் என்று கேட்டால் போதும். ஆனால் யார் கேடாக்கினது என்று அடுத்த கேள்வி வரும். நான் அண்ணனுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இல்ல சார்" என்றான்.

"என்னால் பள்ளியில் வாயிக்கான் இது மதி" என்று மேனேஜர் கேசட்டை எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் சர்ச்சில் வாசிக்க இது போதும் என்கிறார். அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். அமரவிளை தாண்டியதும் என் பக்கம் திரும்பினான். "அப்பாகிட்ட, வேற ஆள எடுத்துட்டாவனு மட்டும் சொன்னா போரும். கேட்டியா?"

கிறிஸ்துமஸ் முடிந்த மறு வாரம் அவன் கடையில் உட்கார்ந்தான். இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தான். நீங்கள் பார்த்த பெரியப்பா அவன்தான், விரல் நுனியெல்லாம் கம்பி அறுத்த கோடுகளோடு. கிட்டாரை விற்றுவிட்டான். டப்பாவின் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு அப்பா அதில் டெஸ்ட் லாம்பு மாட்டினார், இரும்பு நல்ல கனம் என்றார். கடையில் வருகிறவர்களிடம் அதைக் காட்டி, "பயல் கிட்டார் வாசிச்ச காலத்தில இது கேடாச்சு. கம்பெனிக்காரன் செஞ்ச தப்ப நானாக்கும் கண்டுபிடிச்சேன்" என்பார். அண்ணன் தலையாட்டுவான். அப்பா சாகிற வருடம் வரை அந்தக் கதையைச் சொன்னார், அண்ணன் தலையாட்டினான். போன வருடம் அண்ணனும் போய்விட்டான். நான் அவனிடம் ஒரு தடவையும் அதைப் பற்றிப் பேசவில்லை, அவன் கேட்கவும் இல்லை. இனி யாரிடம் சொல்ல?

இன்னும் ஒன்று பாக்கி. அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்து வந்த மாசி மாதம், கடைக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த கோயில் மைதானத்தில் அந்தக் குழுவின் கானமேளம். சாயங்காலம் நான்கு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வருகிறபோது மேடையில் மைக் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். புது லீடுகாரனுக்கும் பத்தொன்பது இருபது வயதுதான் இருக்கும். நான் மேடைப் பலகைமேல் மோவாயை வைத்துப் பார்த்தேன். அவன் காலடியில் இருந்தது பச்சை டப்பா. அதே கடை, அதே விலை. அவன் அமுக்கினான். அந்தக் குரல் மைதானம் முழுவதும் நிறைந்து வழிந்தது. அவன் கை அண்ணன் கை அளவு ஓடவில்லை, அது எனக்கே தெரிந்தது.

கடைக்கு வந்தேன். அப்பா சாயா குடிக்கப் போயிருந்தார். அண்ணன் கை இயந்திரத்தில் கம்பி சுற்றிக்கொண்டு, எத்தனை சுற்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணும்போது யாரும் அவனிடம் பேசக் கூடாது. அவனேதான் கேட்டான்.

"மைதானம் வழியா வந்த? லீடு எப்படி?"

"கொள்ளாது. ஒரே இரைச்சல்" என்றேன்.

அவன் கை நின்றது. "மக்கா, காத்து இங்கோட்டாக்கும் அடிக்குது. எனக்கு முழுசும் கேட்டுது."

இயந்திரத்தைக் குனிந்து பார்த்தான். "சவம், எண்ணம் விட்டுப்போச்சு" என்றான். சுற்றிய கம்பியையெல்லாம் பிரித்து எடுத்து, முதலிலிருந்து தொடங்கினான்.

நான் கடைக்குப் பின்னால் போனேன். எரித்த கம்பிச் சுருள்கள் கிடந்த இடம், ஆள் யாரும் இல்லை. கைப்பிடி சுற்றும் ஒவ்வொரு முறையும் சுவருக்கு அந்தப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் அவனுக்கு விட்டுப்போனால் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று, ஒவ்வொரு டக்குக்கும் ஒன்றாக நானும் எண்ணினேன். எண்பத்து நான்கில் சத்தம் நின்றது. "எண்பத்து நாலு" என்று சுவரைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்.